இருபத்திரண்டு கயிறு

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் எல்லாரும் கடலைக் கும்பிடுவார்கள். என் நண்பன் கடலை அளப்பான். பெருமாள் தீர்த்தவாரி முடிந்து கோயிலுக்குத் திரும்பியிருப்பார். இருளர் குடும்பங்கள் மணலில் சேலையைக் கட்டிக் குடில் போட்டு உட்கார்ந்திருக்கும். பலூன்காரன், சுண்டல்காரன் என்று திருவிழா அதன் போக்கில் நடந்துகொண்டிருக்கும். அதற்கு நடுவே நாங்கள் இரண்டு பேர் ஒரு நைலான் கயிற்றை இழுத்துக்கொண்டு போவோம். "இன்னா சார், கடலுக்குப் பட்டா வாங்கப் போறீங்களா?" என்று யாராவது ஒருவர் வருடம் தவறாமல் கேட்பார்.

கயிறு மீனவர்களிடம் வாங்கியது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அப்படி இருபது பாகம் நீளம், பாகத்துக்கு ஒரு முடிச்சு. சவுக்குத் தோப்பில் கிடந்த ஒரு பாழுங்கிணற்றின் சுவரிலிருந்து ஆரம்பிப்போம். முன் முனை என் கையில், பின் முனை அவன் கையில். கடைசியில் அலை நனைத்த கோட்டில் நான் காலை ஊன்றி எண்ணிக்கையைக் கத்துவேன். அவன் தூரத்தில் நின்றபடியே நோட்டில் எழுதிக்கொள்வான். ஒரு தடவைகூட கிட்டே வந்து பார்த்ததில்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

அவன் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியர். நான் மாமல்லபுரத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைச் சைக்கிள் விடுகிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் படித்தான், நான் பஞ்சர் ஒட்டினேன். ஆனாலும் 'மச்சான்' போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அளக்க ஆரம்பித்தோம். கிணற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த மணல் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. அவன் அதை வகுப்பில் சொன்னான், டீக்கடையில் சொன்னான், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகூடச் சொன்னான். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அங்கே கல் கொட்டினதால், இங்கே சுவர் கட்டினதால், எவனோ மணல் அள்ளினதால். அவனுக்கு எரிச்சல் மூண்டது.

"இங்க கரை போறதுக்கு நூறு காரணம் சொல்வானுங்க மச்சான். மலை மேல எவன் சுவரு கட்னான்? அங்க ஐஸு பின்னால போவுதுன்னு இதே கயித்தால அளந்து காட்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். அங்க உருகுறதுதான் இங்க ஏறிகினு கீது."

"கயித்த எடுத்துகினு இமயமலைக்கா?"

"சைக்கிள்ல."

"உனக்குப் பித்தம் தலைக்கு ஏறிட்ச்சு. வூட்ல சொல்லி எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லு" என்றேன். ஆனால் போனேன். தொண்ணூற்றாறில், காலாண்டு விடுமுறையில். கோடையின் உருகல் முடிந்து புதுப்பனி விழுவதற்குள் அளந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும் என்று அவன் படித்து வைத்திருந்தான்.

டெல்லி வரை ரயில், மணாலி வரை பஸ், கூரைமேல் சைக்கிள்கள். அதற்குமேல் மிதி. வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது என் கடையில் தள்ளிவிட்டுப் போன கியர் சைக்கிளை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் சாதாரண வண்டியில் ஏறினேன். ரோதாங் கணவாய்க்கு ஏற இரண்டு நாள் ஆனது. மிதித்தது பாதி, தள்ளினது பாதி. அவனுடைய காமிரா கணவாயில் சேற்றுத் தண்ணீரில் விழுந்து, ஒரு படமும் இல்லாமல் போனது. அந்தப் பக்கம் இறங்கினால் மரம் என்று ஒன்று இல்லை. ஆற்றை ஒட்டி ஒரு கல் சாலை. சாலை என்று சொன்னவனைத் தேடி உதைக்க வேண்டும். எனக்கு முதுகு விட்டுப்போனது. நான்காம் நாள் அவன் கையை நீட்டி, "அதோ" என்றான்.

பனியாறு என்றதும் நான் காலண்டர் படத்தை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே மேகத்துக்கு அடியில் அழுக்குச் சாம்பல் நிறத்தில், மேலெல்லாம் ஜல்லி கொட்டின மாதிரி ஏதோ ஒன்று படுத்திருந்தது. அதன் வாயிலிருந்து கலங்கல் தண்ணீர் ஓடி வந்தது. "இதுக்கா மச்சான் இவ்ளோ தூரம்?" என்றேன். அவன் அழுதுகொண்டிருந்தான். சந்தோஷத்தில்தான்.

சாலையோரம் ஒரு ஆள் உயரப் பாறை. கடையிலிருந்து கொண்டுபோன சிவப்புப் பெயிண்டால் அதில் ஒரு வட்டம் போட்டோம். பனியாற்றின் முனைக்கு நேராகப் பார்க்கிற பாறை அது. அதிலிருந்து ஐஸ் வரை எத்தனை கயிறு என்பதுதான் நாங்கள் அத்தனை தூரம் வந்ததற்கான ஒரே வேலை. மறுநாள் காலையில் அவனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. தலைவலி, வாந்தி. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே கீழே இறங்கியாக வேண்டும் என்று, ராத்திரி நாங்கள் தங்கின டீக்கூடாரத்துக்காரர் சைகையில் சொல்லிவிட்டார். மதியத்துக்குமேல் ஒரு லாரி இறங்குகிறதாம்.

"நீ போய் அளந்துட்டு வா மச்சான். உன்ன உட்டா எனக்கு யாரு" என்றான்.

தனி ஆளாகக் கயிறு போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். முனைமேல் ஒரு கல்லை வைத்துவிட்டு நடக்க வேண்டும், மறு முனையில் அடையாளம் வைக்க வேண்டும், திரும்பி வந்து முதல் கல்லை எடுக்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். ஒரு கயிற்றுக்கு மூன்று நடை. நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிற இடம். பாறைகள் கால் வைத்ததும் உருண்டன. ஏழோ எட்டோ கயிறு போட்டேன். அங்கே ஓடை குறுக்கே வந்தது. வெயில் ஏற ஏற அதில் தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில், கொஞ்ச தூரத்தில், ஐஸின் விளிம்பு தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து இந்தக் கிறுக்கனுக்காக இங்கே தண்ணீரில் போக வேண்டுமா என்று அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

வழியில் ஒரு எண் யோசித்தேன். குறைத்துச் சொன்னால் பாதியில் ஓடிவந்துவிட்டேன் என்று அவனுக்குத் தோன்றுமோ என்று பயம். கூட்டிச் சொன்னால் உழைத்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான் என் புத்தி.

"எத்தினி மச்சான்?"

"இருவத்தி ரெண்டு."

படுத்தபடியே அவன் நோட்டில் எழுதினான். எழுதிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையை உதறத் தோன்றியது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த எண் என்னோடு குடித்தனம் நடத்தியது. அவன் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் அதை எழுதினான். "என் நண்பன் உயிரைப் பணயம் வைத்து அளந்தது" என்று சொல்வானாம். அவனிடம் படித்த பிள்ளைகள் என் கடைக்கு சைக்கிள் எடுக்க வந்தால் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்கள். நான் செயின் மாட்டுகிற சாக்கில் குனிந்துகொள்வேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். இன்னொரு தரம் அங்கே போகவா போகிறான், வாய்ப் பேச்சுதானே, என்று விட்டுவிட்டேன்.

நடுவில் சுனாமி வந்தது. கிணறு மணலால் தூர்ந்துபோனாலும் சுவர் நின்றது. அதற்குப் பிறகு கரையைப் பற்றி அவன் வாயைத் திறந்தாலே, "அது சுனாமி பண்ண வேலை சார்" என்று முடித்துவிட்டார்கள். மலை அளவுதான் கதி என்று ஆகிவிட்டது அவனுக்கு. இரண்டாயிரத்து ஆறில், "பத்து வருசம் ஆவுது மச்சான், கெளம்பு" என்றான்.

நான் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். குற்றம் செய்தவன் அந்த இடத்துக்குக் காவல் காக்கப் போகிற மாதிரி போனேன்.

இந்தத் தடவை அவன் இரண்டு நாள் வழியில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டான். பாறையில் சிவப்பு வட்டம் மங்கிப்போய் இருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "இன்னாடா இது, இவ்ளோ உள்ள போய்ட்ச்சு!" எனக்கும் அது கண்ணுக்குத் தெரிந்தது. நான் நின்று திரும்பின ஓடை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஐஸ் படுத்திருந்த இடமெல்லாம் வெறும் கல். விடியற்காலையிலேயே ஆரம்பித்து, கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து, ஒழுங்காக அளந்தோம். ஐஸின் விளிம்பைக் கையால் தொட்டோம்.

இருபத்து நாலு.

அவன் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு கயிறுதானா? பத்து வருசத்துல ரெண்டே கயிறா?" என்றான். நோட்டைப் புரட்டினான். ஐஸைப் பார்த்தான், மறுபடி நோட்டைப் பார்த்தான். "அந்தக் கருப்புப் பாறை வரிக்கும் ஐஸு இருந்த மாதிரி எனக்கு ஞாபகம் மச்சான்."

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல நேரம் யாருக்கும் வாய்க்காது.

"அன்னிக்கு ஒரே மேகம்டா. உனக்கு வேற ஒடம்பு சரியில்ல" என்றேன்.

அவன் தலையாட்டினான். தன் கண்ணைவிட என் வாயை நம்பினான்.

திரும்பி வந்ததும் செங்கல்பட்டில் ஒரு சின்ன ஹாலில் கூட்டம். மாதக்கணக்கில் அவன் ஏற்பாடு செய்திருந்தது. அவனுடைய பழைய மாணவர்கள், நாவலூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்கள், கல்பாக்கத்திலிருந்தும் அணுபுரத்திலிருந்தும் சைக்கிள் பிரியர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவன் இரண்டு எண்ணையும் எழுதினான். பிறகு, "நான் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. என் அளவுப்படி அந்தப் பனியாறு பெரிதாகப் பின்வாங்கவில்லை. உங்களை வீணாகப் பயமுறுத்தியிருக்கிறேன்" என்றான். வேறு யாராயிருந்தாலும் அந்த எண்ணை மறைத்திருப்பார்கள். பின்வரிசையில் ஒருத்தன், "அப்ப பத்து வருசமா சும்மாவா சார் எங்கள பேஜார் பண்ணீங்க?" என்றான். ஹால் சிரித்தது. அவனும் சிரித்தான். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பாடப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் நடத்திவிட்டு வந்தான். சுவரில் ஒட்டியிருந்த மலை வரைபடத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டதாக அவன் மனைவி என்னிடம் சொன்னார். "எது கேட்டாலும் 'எனக்கு இன்னா தெரியும்'னு சொல்றாருண்ணா" என்றார்.

அடுத்த மாசி மகத்துக்கு நான் கயிற்றோடு போனேன். அவன் வந்திருந்தான், ஆனால் கிணற்றுப் பக்கம் போகாமல் இருளர் குடில்களுக்கு அப்பால் மணலில் உட்கார்ந்திருந்தான்.

"வா, அளக்கலாம்."

"வேணாம் மச்சான். அளந்து இன்னா ஆவப்போவுது? எனக்கே என்மேல நம்பிக்க இல்ல."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஓடை வரைதான் போனேன், இருபத்திரண்டு என்பது நானாகச் சொன்னது, ஹாலிலும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன், எல்லாவற்றையும். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் முகம் ஒரு கணம் வெளிச்சமானது. "அப்ப நான் பாத்தது சரி. ஐஸு போய்கினுதான் கீது." பிறகு அவசரமாக நோட்டை எடுத்தான். "நீ எங்க நின்ன? கரெக்டா சொல்லு. எத்தினியாவது கயிறு?"

"ஏழு. இல்ல எட்டு."

"ஏழா எட்டா?"

"ஞாபகம் இல்லடா."

"ஓடைக்கு அந்தாண்ட ஐஸு எவ்ளோ தூரம்? ரெண்டு கயிறா? பத்தா? யோசிச்சுச் சொல்லு மச்சான்."

கண்ணை மூடி யோசித்தேன். பயமும் கோபமும் தெளிவாக நினைவிருந்தன. தூரம் நினைவில்லை. "தெரிலடா" என்றேன்.

அவன் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. இருபத்திரண்டைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினான்.

"அந்த ஐஸு இப்ப இல்ல. இனிமே யாராலயும் அத்த அளக்க முடியாது. இருவத்தி நாலுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். இன்னும் பத்து வருசம் போனா நமக்கு முட்டி இருக்குமாடா?"

அவன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக் கயிற்றின் பின் முனையை எடுத்துக்கொண்டான். கிணற்றுச் சுவரிலிருந்து அளந்துகொண்டே போனோம். போன வருடத்தைவிடச் சீக்கிரமே தண்ணீர் வந்துவிட்டது. ஈரக் கோட்டில் காலை ஊன்றி எண்ணிக்கையைக் கத்தினேன்.

அவன் எழுதவில்லை. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கயிற்றை ஒட்டியே ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். குனிந்து என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பிறகுதான் எழுதினான்.