அண்ணன் பிடித்த கயிறு

எங்கள் அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. உடன்பிறந்தவள் என்ற முறையில் இந்த நினைவு மலருக்கு நான் எழுதித் தரவேண்டும் என்று மதினி சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. ஆனாலும் அண்ணன் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரையும் ஒரு மலைக்காரப் பெண்ணையும் சேர்த்து நம் சொந்தபந்தத்துக்குள் பத்து வருஷமாக ஒரு கதை நடமாடுகிறது. அது பொய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் வேலை செய்துகொடுத்த அந்த மாயாஜாலப் படத்தைப் பற்றிப் பெருமையாக நாலு வரி எழுது, அட்டையில் அதன் காட்சி ஒன்றைப் போடு என்று சிலர் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கீழே இருக்கிறது.

அண்ணன் பழனி அடிவாரத்தில் பிறந்தவர். அப்பா ஒரு பஞ்சாமிர்தக் கடையில் வேலை பார்த்தார். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாலு வயது இருக்கும்போது அப்பா தவறிப்போனார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தகரடின்னைத் தூக்கினார். மலைச்சரிவில் இருக்கும் மலைக்காரர்களிடம் தேன் வாங்கி வந்து கடைகளுக்குக் கொடுப்பதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் தொழில். ருசி பார்க்கிறேன் என்று சொல்லியே அரைப்படி தேனைக் குடித்துவிட்டு அதன் பிறகு அளக்கிற வியாபாரிகள் உண்டு. அண்ணன் விரலை நனைக்காமல் அளந்து வாங்குவார். அதனால் மலைக்காரர்கள் அவருக்கென்று எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். அம்மாவைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றினார். என் கல்யாணத்தையும் அவரே முன்னின்று செய்தார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை கதைப் புத்தகம். திருவிழா நாட்களில் கிரிவீதியில் சாக்கை விரித்துப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் விற்பார்கள். ஒன்று வாங்கி வந்து, அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது உரக்க வாசிப்பார். ஏழு கடல், ஏழு மலை, அதற்கு அப்பால் ஒரு குகை, குகைக்குள் அரக்கன். அரக்கன் குரலுக்குப் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவார். அரக்கன் எப்படிச் சாவான் என்று எனக்கு மனப்பாடம். இருந்தாலும் அடுத்த வருஷமும் அதையே வாசிக்கச் சொல்வேன். அந்த அரக்கனுக்கு வீடு வாசல் உண்டா, அவன் செத்தால் அழ ஆள் உண்டா என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் கதை ருசிக்காது. அந்த ருசியை இப்போது நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது.

மலைக்காரர்களின் வழக்கம் ஒன்றை அண்ணன் அடிக்கடி சொல்வார். பாறைத் தேன் எடுக்க ஒருவன் கயிற்றில் இறங்கினால், மேலே கயிற்றைக் காப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும். தகப்பனைக்கூட நம்பமாட்டார்களாம். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. இதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "அப்ப என் கயிறு உங்க கையிலதான் மச்சான். இனிமே ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டேன்" என்று சிரிப்பார்.

இனி எழுதப்போவது அண்ணன் தன் கடைசி நாட்களில் என்னிடம் சொன்னது. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கொடைக்கானலுக்கு ஒரு படக் கம்பெனி வந்தது. சாமான் தூக்கவும் வழி காட்டவும் ஆட்கள் தேவை என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் வாசித்த கதை கண் முன்னால் நடக்கப்போகிறது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. கதையில் அரக்கன் மலை விளிம்பில் ஒரு கொடியைப் பிடித்துத் தொங்குவான். இளவரசன் வாளால் கொடியை வெட்டுவான். அரக்கன் வேஷம் போட்ட பயில்வான் பெருமாள்மலைக்குக் கீழே அந்தப் பாறையை எட்டிப் பார்த்ததும் காய்ச்சல் என்று படுத்துவிட்டாராம். அவருக்குப் பதிலாகத் தொங்க ஒரு மலைக்காரன் வேண்டும் என்று கேட்டார்கள். தொங்குவதை மட்டும்தான் படம் பிடிப்போம், விழுவதற்கு வைக்கோல் பொம்மை இருக்கிறது என்றார்கள்.

அண்ணனுக்குத் தேன் கொடுக்கிறவர்களில் சடையன் என்பவர்தான் பாறையில் கெட்டிக்காரர். அவரிடம் போனார். சடையனின் மச்சினன் அடுக்கம் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அவர் வர இரண்டு நாள் ஆகும், வந்தபின் இறங்குகிறேன் என்றார் சடையன். மஞ்சு இறங்கி மலையை மூடிவிட்டால் படம் எடுக்க முடியாது என்று கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். அப்போது அண்ணன் சொன்னாராம்:

"சின்னத்தாயி என் தங்கச்சின்னு வச்சுக்கப்பா. நான்தான் உன் மச்சினன். நான் பிடிக்கிறேன்."

சின்னத்தாயி சடையனின் மனைவி. சடையன் கொஞ்ச நேரம் அண்ணன் முகத்தையே பார்த்தாராம். "அப்பச் சரி மச்சினா" என்று மட்டும் சொன்னாராம்.

சடையனுக்கு உடம்பெல்லாம் கரியும் விளக்கெண்ணெயும் பூசினார்கள். தலையில் மாட்டுக்கொம்பு, வாயில் தகரப்பல், தென்னைநாரில் சடை. கட்டிய கயிறாக இருந்தால் அரக்கன் ஆடமாட்டான் என்று சொல்லி, கயிற்றை மரத்தில் ஒரு சுற்று மட்டும் சுற்றி நுனியை அண்ணன் கையில் கொடுத்தார்கள். தகரக்குழலை வாயில் வைத்திருந்த ஒருவர், "கொஞ்சம் விடுங்க. இன்னும் கொஞ்சம். அரக்கன் தவிக்கணும்" என்றார். கீழேயிருந்து சடையன், விடாதே, விடாதே என்று கத்தினார்.

"ரெண்டும் என் காதுல விழுந்துச்சு தாயி" என்றார் அண்ணன். "நான் குழல்காரன் சொன்னதத்தான் கேட்டேன்."

மரப்பட்டை ஈரம். கயிறு ஓடிவிட்டது. அண்ணனின் உள்ளங்கைத் தோலும் அதோடு போனது. சடையன் கீழே ஒரு பாறைத்திட்டில் விழுந்து தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. கேமரா நிற்கவில்லை. வைக்கோல் பொம்மை தேவைப்படவும் இல்லை. நன்றாக வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதை அண்ணன் சாகும்வரை மறக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் சடையனைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, ஒரு சால்வையும் ஒரு டின் பிஸ்கோத்தும் வைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

எங்களிடம் அண்ணன் மலைப்பாதையில் சறுக்கிவிட்டேன் என்றார். கை ஆறுகிற வரைக்கும் மதினிதான் சோறு ஊட்டினார்கள்.

மறு வருஷம் படம் எங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்தது. நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இளவரசன் வெட்டியதும் அரக்கன் கைகாலை உதறிக்கொண்டு விழுந்தான். கொட்டகை முழுக்க விசில். நானும் கை தட்டினேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அரக்கன் விழுகிற இடத்தை நடித்தே காட்டினேன்.

அண்ணன் கேட்டார்: "அவன் கத்துறது கேட்டுச்சா?"

"எங்கண்ணே கத்துறான்? 'ஹா ஹா'ன்னு சிரிச்சுக்கிட்டுல்ல விழுகுறான்" என்றேன்.

கத்தலை எடுத்துவிட்டு மேலே ஒரு சிரிப்பைப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு தை மாதமும் அண்ணன் ஒரு சேலை, அரிசி, வெல்லம், மஞ்சள் எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். தங்கச்சி என்று வாயால் சொன்னவர், தங்கச்சிக்குச் செய்கிற சீரைச் செய்தார். யாருக்கு என்று எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கயிற்றைச் சொல்லவேண்டும். நம் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். மலைக்காரிக்குச் சேலை கொண்டுபோகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் நமக்குத் தெரியும். அதிலும் சும்மா இல்லை. அவள் தேனில் மருந்து கலந்து கொடுத்துவிட்டாள், மயக்கி வைத்திருக்கிறாள், அமாவாசைக்கு அமாவாசை வேர் பிடுங்குகிறாள் என்று அடுக்கினார்கள். கிரிவீதிப் புத்தகத்தில் வருகிற சூனியக்காரியை அப்படியே எடுத்துச் சின்னத்தாயிக்கு மாட்டிவிட்டார்கள். அவளை ஒருவரும் பார்த்ததுகூடக் கிடையாது. நானும் நம்பினேன். நம்புவதற்கு அது சுகமாக இருந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை, மருந்து செய்கிற வேலை என்று மதினிக்கு ஆறுதல் சொல்லலாம் அல்லவா.

பிறகு மருந்து எடுக்கிற ஆள் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நம் சொந்தத்தில் பதினைந்து பேர் கூடி நின்றோம். அண்ணன் மறுக்காமல் உட்கார்ந்தார். அந்த ஆள் ஏதோ கஷாயத்தைப் புகட்டினான். அண்ணன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். சட்டியைப் பிடித்திருந்தவள் நான். அவன் அதற்குள் கையை விட்டு ஒரு கறுப்பு உருண்டையை எடுத்துக் காட்டினான். கையை விடும்போதே அது அவன் விரலிடுக்கில் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் பேசவில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொட்டகையில் விசில் அடித்தவர்களின் முகத்தில் இருந்த அதே திருப்தி. அந்தச் சட்டியின் நாற்றம் எனக்கு இன்னும் போகவில்லை. வாந்தியை நான் சொல்லவில்லை. எங்களைச் சொல்கிறேன்.

அடுத்த தையிலும் அண்ணன் மலைக்குப் போனார். மருந்து கெட்டி என்றார்கள்.

அதற்குப் பின் அண்ணனுக்கு வயிறு சரியாகவே இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் குடலில் புண் முற்றிவிட்டது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு நாள் காலையில் மதினி தண்ணீருக்குப் போயிருந்தபோதுதான் இவ்வளவையும் என்னிடம் சொன்னார். நான் அழுதேன்.

"அழுகாத. நான் இருக்கற வரைக்கும் சொல்லாத தாயி, ஒருத்தர் மூஞ்சியில முழிக்க முடியாது. போனப்பறம் எல்லாரும் கூடுவாகல்ல, அப்பச் சொல்லு. அந்தப் புள்ள பேரு கெட்டுக் கெடக்கு" என்றார்.

அண்ணன் இறந்த அன்று சடையன் ஒரு காலை இழுத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். சின்னத்தாயி கையில் கோடித்துணி. அண்ணன் மேல் போர்த்த வந்தாள். செத்த பிறகும் விடமாட்டாயா என்று வாசலில் மறித்தார்கள். யார் என்று எழுதவில்லை. மறித்தவர்களுக்குத் தெரியும். நான் உள்ளேயிருந்து பார்த்தேன். என் வாய் அன்றும் எழவில்லை. அவர்கள் கோடியைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

பதினாறு கழிந்ததும் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன வருசம் பக்கத்துல படுத்த மனுசன், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார்கள். பிறகு, "தைக்கு நீ போ. சேலைய நான் எடுத்துத் தாரேன்" என்றார்கள்.

போனேன். சின்னத்தாயி நாற்பது வயதுக்குக் கிழவி போல் இருந்தாள். என்னை உட்கார வைத்து அவித்த கிழங்கு கொடுத்தாள். இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு நடந்ததை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று சடையனைக் கேட்டேன்.

"மச்சினன் கை வழுக்குனத ஊருக்குள்ள சொல்லுவாகளாம்மா?" என்றார்.

சின்னத்தாயி, "கால் இருந்த வரைக்கும் வீடு தங்குனாரா? இப்பத்தான் கூப்பிட்ட குரலுக்கு இருக்காரு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது சடையன் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. "நீங்க பாத்தீகளாம்மா? நான் எப்பிடி இருந்தேன்?"

"மொகமே தெரியலைங்க. கரி பூசியிருந்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

அந்தப் படம் இன்னும் ஓடுகிறது. தைப்பூசத்துக்கு ஒரு தரம், பங்குனி உத்திரத்துக்கு ஒரு தரம். நம் பிள்ளைகள் தெருவில் அரக்கன் விழுகிற மாதிரி விழுந்து விளையாடுகிறார்கள். புத்தகமாகவும் வந்துவிட்டது. இன்னும் ஐம்பது வருஷம் போனாலும் ஜனங்கள் அதைக் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்றே நினைக்கிறேன். அரக்கனும் சூனியக்காரியும் இல்லாமல் நமக்குப் பொழுது போகாது. கிடைக்காவிட்டால் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவரைப் பிடித்துக் கரி பூசிக்கொள்வோம். கதை கேட்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் கதை வாசித்த குரலில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் இந்த ஒரு படத்துக்கு யாராவது விசில் அடித்தால், அடிக்கிறவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும். அன்று கை தட்டிய என்னைப் பார்க்கவும் அப்படித்தான்.

அண்ணன் கயிற்றை விட்டார். அது குற்றம். அதை அவர் தன் வாயால் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணிடம் அவர் மயங்கினார் என்பது பொய். அவர் சொன்ன உறவைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றினார்.

அண்ணனைத் தூக்கி இறக்கிப் பார்த்துக்கொண்ட அடிவாரத்துப் பிள்ளைகளுக்கும், மதுரையில் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், ஒரு மாதம் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், எழுதியதில் ஒரு எழுத்தையும் குறைக்காதே என்று சொன்ன மதினிக்கும் நன்றி. வழி அனுப்ப வந்து வாசலோடு திரும்பிப் போன இருவருக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று வந்திருக்கும் அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போகவேண்டும். சமையல்கட்டில் மதினியோடு நிற்பது சின்னத்தாயி. முதல் பந்திக்குச் சோறு பரிமாறப்போவதும் அவள்தான். அதில் மருந்து இருக்கும் என்று நினைக்கிறவர்கள் எழுந்து போய்க்கொள்ளலாம். நாங்கள் கையைப் பிடித்து இழுக்கமாட்டோம்.