போறணைச் சுவருக்கு இந்தப் பக்கம்

ஒரு பின்னேரம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. நூல் இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தலையிடி தொடங்கியது. நெற்றியைச் சுற்றி ஈரத் துணியை இறுக்கிக் கட்டியதுபோல விடாமல் வலித்தது. இரவுச் சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. காலையில் பெரும்பாலும் சரியாகிவிடும். மறுநாள் பின்னேரம் திரும்ப வரும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால், என்னிடம் மாதக்கணக்காக ஒருவரும் கேட்காத கேள்வியை இன்றைக்கே கேளுங்கள். இது எந்த இடத்தில் இருக்கும்போது வருகிறது?

நாங்கள் முருங்கன் என்ற ஊரில் கணவரின் அண்ணனுடைய கட்டடத்தின் பின்பாதியில் இருந்தோம். முன்பாதியில் அவருடைய பேக்கரி. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பாண் (பேக்கரி ரொட்டி) வேகும் போறணை, அதாவது விறகு எரிக்கும் பெரிய செங்கல் அடுப்பு, அந்தச் சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் என் தையல் மெசின். மகள் நிலானி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதே அறைக் கட்டிலில்தான் படுப்பாள். கணவர் லொறி ஓட்டுகிறவர், கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

சட்டை தைக்க வருகிற பெண்கள் மூச்சை இழுத்து விட்டு, "நல்ல பாண் வாசம். குடுத்து வைச்சனீங்கள்" என்பார்கள். அந்த வாசத்தோடுதான் மற்றதும் வந்துகொண்டிருந்தது.

முதல் வைத்தியர் ஒற்றைத் தலைவலி என்றார். அடுத்தவர் இரத்தசோகை (உடம்பில் இரும்புச்சத்துக் குறைவு) என்றார். மாத்திரை தந்தார்கள், விழுங்கினேன். மூன்றாமவர் என் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. விரலில் ஒட்சிசன் மானியை (இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று காட்டும் சிறு கருவி) மாட்டி, எல்லாம் நல்லாயிருக்கு என்றார். பிறகு, "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். அதையும் விழுங்கினேன்.

வீட்டில் பிரச்சினை இருந்தது உண்மைதான். நான் வளர்ந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். சண்டை முடிந்த பிறகு அம்மாவோடு எங்கள் கடற்கரை ஊரான அரிப்புக்குத் திரும்பி வந்தோம். கலியாணம் முடிந்த நாளிலிருந்து கணவரின் அண்ணனுக்கும் அவருடைய மனைவிக்கும் நான் இந்தியாக்காரிதான். அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்று. அக்கா பேக்கரியில் காசு மேசைக்குப் பின்னால் இருந்தபடியே எனக்குக் கேட்கும்படி சொல்வா: "முகாமில சும்மா இருந்து சாப்பிட்டுப் பழகினது. வேலை எண்டால் தலையிடிதான் வரும்."

நான் பதில் சொல்வதில்லை. சொல்ல நினைக்கும் சொல் வாய்க்கு வருவதற்குள் மறந்துபோயிருக்கும். அதுவும் நோய்தான் என்று அப்போது தெரியாது.

ஒருநாள் நிலானி பின்னேரப் பாடத்துக்கு எழும்பவில்லை. தட்டினேன், குலுக்கினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்து என்னை யாரோபோலப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது என் கால்கள் பின்னின. ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனோம். திறந்த ஓட்டோவில் காற்றுப் பட, வழியிலேயே பிள்ளை முனகத் தொடங்கினாள்.

வெளிநோயாளர் பிரிவில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். நிலானியைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் தலையிடி இருக்கோ?"

"ஓம். கனகாலமா."

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்திலயோ வாறது?"

"பின்னேரத்தில."

"வேற எங்கயும் போய் நிண்டால்?"

யோசித்தேன். அரிப்பில் அம்மாவோடு நின்ற நாட்களில் எனக்குத் தலையிடி வந்ததில்லை. கடற்கரைக் காற்றுக்குச் சுகமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். சொன்னேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "உங்கட வீட்டில என்ன எரியுது?"

அவர்தான் முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்னார்: காபனோரொட்சைட்டு (விறகும் கரியும் அரைகுறையாக எரியும்போது வரும், நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு). அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் ஏறி இருந்துகொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அது எல்லாம் நல்லாயிருக்கு என்று காட்டும். எங்கள் இருவருக்கும் முகமூடி மாட்டி ஒட்சிசன் தந்தார்கள். அடுத்த கட்டிலில் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தலை தெளியத் தெளிய எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாளும் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் இருந்திருக்கிறேன்.

டொக்டர் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயு அளக்கும் மீற்றரோடு வந்தார். தண்ணீர்த் தாங்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர்கள் இடுப்பில் கொளுவிக்கொள்ளும் கருவி அது, கையடக்கமானது, ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி வந்ததாகச் சொன்னார். அதுவரை நானும் பிள்ளையும் அந்த அறையில் படுக்கவில்லை. வருகிற நாளை அத்தானுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அன்றைக்கு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, பேக்கரி பூட்டிக் கிடந்தது. போறணை குளிர்ந்திருந்தது. மீற்றர் அறை முழுக்கப் பூச்சியம் காட்டியது.

அத்தான் வாசலில் நின்று சிரித்தார். "பாத்தீங்களோ சேர்? இவவின்ட தலைக்குள்ளதான் வாயு."

பரிசோதகர் சிரிக்கவில்லை. "அடுப்பு எரியாத நாளில வந்து அளந்து என்ன பிரயோசனம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மீற்றரை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். போகுமுன் பாவிக்கும் விதத்தைக் காட்டித் தந்தார். உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். திறந்த வெளியில் வைத்து சுவிச்சைப் போட்டு, பூச்சியம் காட்டும்வரை பொறுக்க வேண்டும். அறைக்குள் மூச்சு விடும் உயரத்தில், அதாவது கட்டிலில் தலை வைக்கும் இடத்தில், கதிரையில் இருக்கும்போது முகம் வரும் இடத்தில், பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சற்று நேரம் நிற்க வேண்டும். கதவு, யன்னல் வழமையாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். கருவி சத்தம் போட்டால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

மறுநாள் நிலானியை அரிப்புக்கு அனுப்பினேன். மத்தியானம் போறணை மூட்டினார்கள். தணலைத் தள்ளிவிட்டுப் பாண் வைத்து வாயை மூடும் நேரம் எனக்கு மணத்திலேயே தெரியும். முற்றத்தில் மீற்றரைப் போட்டு, பூச்சியம் பார்த்து, உள்ளே போனேன்.

தையல் மெசினடியில் எண் ஏறியது. கட்டில் தலைமாட்டில் இன்னும் ஏறியது. அலுமாரிக்குப் பக்கத்தில் பிடித்தபோது மூன்று இலக்கமாகி, சிவப்பு வெளிச்சம் மின்னி, கருவி அலறியது. என் பிள்ளை தலை வைத்துப் படுத்த இடத்துக்கும் அதற்கும் ஒரு கை நீளம்.

வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். கதவு, யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டு இருவருமாக அலுமாரியை இழுத்தோம். பின்னால் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதற்குள் சீமெந்துப் பையின் கடதாசி மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. திணித்தது எங்கள் பக்கத்திலிருந்து அல்ல.

மீற்றரை அணைக்காமல், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். பாணுக்கு ஆட்கள் நின்றார்கள். கையில் கருவியைக் கண்டதும் அத்தான் மாவுக் கையோடு வந்தார்.

"உந்தச் சாமானைக் கொண்டு வெளியில போ."

"அந்த வெடிப்புக்குள்ள கடதாசி அடைச்சது ஆர் அத்தான்?"

"எத்தினை வருசமா இந்தப் போறணையோட நிக்கிறன். எனக்கு ஒண்டும் வரேல்லை. இந்தியாவில இருந்து வந்து என்ட பிழைப்பில மண் போடப் பாக்கிறாய்."

"நீங்கள் நிக்கிற பக்கம் கதவு எந்நேரமும் திறந்து கிடக்கு. என்ட பிள்ளை படுக்கிற பக்கம் மூடிக் கிடக்கு."

அவர் கருவியைப் பறிக்கக் கை நீட்டினார். நான் விலகிக் காசு மேசைப் பக்கம் போனேன். அந்த மூலைக்கு யன்னல் கிடையாது. வெளிக்காற்றில் ஓய்ந்திருந்த மீற்றர் அங்கே திரும்பவும் அலறியது. அக்காவின் நெற்றியில் எப்போதும்போல் தலையிடித் தைலம் பளபளத்தது. எண்ணைப் பார்த்தா. புருசனைப் பார்த்தா. எழும்பி, றோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றா. பாணுக்கு வந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

பரிசோதகர் அன்றைக்கே வந்து எண்ணைத் தன் கண்ணால் பார்த்தார். போறணையை இடித்துப் புகைக்கூட்டைப் புதிதாகக் கட்டும்வரை பேக்கரியை மூட உத்தரவு வந்தது. அக்கா எனக்கு நன்றியும் சொல்லவில்லை, பிறகு பேசவும் இல்லை. அத்தான் ஊர் முழுக்க என்னைப் பேசித் திரிந்தார்.

கணவர் லொறியால் இறங்கி வந்து முதலில் கேட்டது, "ஆக்களுக்கு முன்னால அண்ணையை ஏன் அப்பிடிச் செய்தனீ?" பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று இரண்டாவதாகக் கேட்டார். அந்த வரிசையை நான் மறக்கவில்லை. என் மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அரிப்புக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து அவரும் வந்தார். வந்தவரைத் திருப்பி அனுப்பவில்லை. பழையபடி இல்லை என்பதை அவரும் அறிவார்.

எங்கள் கோயில் பாதர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "குடும்பம்தானே பிள்ளை, மன்னிச்சு விடுங்கோ" என்றார்.

"கடதாசி அடைச்சவர் வந்து, 'நான்தான்' எண்டு சொல்லட்டும் பாதர். அதுக்குப் பிறகு யோசிக்கிறன்."

இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

நிலானி வேகமாகத் தேறினாள். பிள்ளைகளின் உடம்பு அப்படி என்றார் டொக்டர். எனக்குத் தலையிடி போய்விட்டது, நூல் இரண்டாகத் தெரிவதும் நின்றுவிட்டது. இப்போதும் சில பெயர்கள் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகின்றன. மூச்சு விடுவதை நான் கவனிக்கிறேன். மற்றவர்கள் தெரியாமல் செய்வதை நான் தெரிந்து செய்கிறேன். மூடிய அறைக்குள் நுழையும்போது உடம்பு தானாக வாசலுக்கு அருகில் இடம் தேடுகிறது.

போன கிழமை நிலானி தேங்காய் துருவிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினாள். கடலில் போன ஒரு நண்டு வீட்டு விலாசத்தை மறந்த கதை. விளையாட்டான, நல்ல பாட்டு. எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

அவள் துருவுவதை நிறுத்தினாள். "நீங்கள்தானே அம்மா கட்டினனீங்கள். முருங்கனில, நான் படுக்கேக்க. ஒவ்வொரு நாளும் ஒரு அடி சேர்த்துச் சேர்த்துப் பாடினீங்கள்."

எனக்கு ஒரு அடிகூட ஞாபகம் இல்லை. அந்த மாதங்களில், அந்த அறைக்குள், என் உடம்பில் ஒரு பெண் இருந்து என் பிள்ளைக்குப் பாட்டுக் கட்டியிருக்கிறாள். அவளை எனக்குத் தெரியாது. பிள்ளையிடம் திரும்பவும் பாடச் சொன்னேன். அவள் முதல் அடியிலிருந்து தொடங்கினாள். நான் அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பழகினேன்.