லிஃப்ட்காரரின் காய்ந்த தோட்டம்

கட்டைவிரல் நகத்தால் ஒரு தண்டைச் சுரண்டிப் பார்க்கிறார் லிஃப்ட்காரர். உள்ளே பச்சை இல்லை. அடுத்ததைச் சுரண்டுகிறார். வேலைக்குப் புறப்படுமுன் முன்வாசல் தோட்டத்தில் தினமும் இதே சோதனைதான். முழங்காலில் ஈரமண்ணோடுதான் வண்டி ஏறுவார்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். சரிபார்த்துவிட்டு இறங்கியவர், பாதி வழியில் நின்று, மறுபடி மேலே ஏறிப் பார்ப்பார். "கம்பி அறுந்தா உள்ள இருக்கறது மனுஷங்கய்யா." அப்படிப்பட்டவருக்குப் போய், நட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டிய தோட்டத்தின் மேல் ஆசை.

போன வருடம் புல்தரையைக் கொத்திவிட்டு, உயரப் புல்லையும் பூச்செடிகளையும் பாத்தி கட்டாமல், காட்டோர மேடு போலக் கலந்து நட்டார். குளிரில் மேலே காயும், வேர் உறங்கும், வெயில் திரும்பியதும் தானே துளிர்க்கும். வருடா வருடம் அதே செடிகள். நடும்போது நம்பிக்கையாகத்தான் இருந்தது. இப்போது வெயில் திரும்பியும் துளிரைக் காணோம்; வேலைக்குப் போகும் இடத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு சந்தேகம் ஏறிக்கொள்கிறது: ஆழமாக நட்டுவிட்டோமோ, தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிட்டதோ.

"அத்தான், துடைப்பத்தையெல்லாம் தலைகீழா நட்டு வச்சிருக்கீங்களே" என்பான் மனைவியின் தம்பி. இங்கே வரும்போதெல்லாம் நிறுத்த இடமில்லாமல் காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடக்கிறவன்.

மனைவி கெடு வைத்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வராரு. அதுக்குள்ள ஒரு பச்சையாவது கண்ணுல பட்டா விட்டுடறேன். இல்லேன்னா சிமெண்டு போட்டு தம்பி காரை நிறுத்திக்கலாம்."

"வரும். வேர் தூங்குது."

"உங்களுக்குத்தான் தூக்கமில்ல. அதையாவது தூங்க விடுங்களேன். தினம் நோண்டினா எதுங்க வரும்?"

ஞாயிறு காலை, கூடாது கூடாது என்று சொல்லிக்கொண்டே, ஸ்குரூடிரைவரால் சருகை விலக்கினார். ஒன்றுமில்லை. கொஞ்சம் கிளறினார். இன்னும் கொஞ்சம். மண்ணுக்குள் ஏதோ மெதுவாக ஒடிந்தது. எடுத்துப் பார்த்தால், சுண்டுவிரல் நீளத்தில் ஊதா ஓடிய பச்சை முளை.

தெருமுனையில் கார்க் கதவு சாத்தும் சத்தம். மைத்துனனும் மேஸ்திரியும் வாசலுக்கு வர, மனைவியும் வெளியே வந்தாள்.

"என்னங்க, ஏதாவது தெரியுதா?"

அவர் முளையை அதே குழியில் நிறுத்தி மண்ணை அணைத்தார்.

"வந்து பாரு" என்றவர், அது சாய்ந்துவிடாமல் இருக்க, ஒரு விரலை மண்ணுக்குள் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.