இத்தாலிக்காரியான எஃபி டக்கெட்

எஃபி டக்கெட்டின் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவிலேயே, சோளம் விளையும் இண்டியானாவில் பிறந்துவிட்டாள், அது ஒன்றுதான் குறை. 1909இல் நியூயார்க்கில் ஆப்பரா பாட இத்தாலியில் பிறந்திருக்க வேண்டும். முடியாதவர்கள் அங்கே போய்ப் படித்தாவது வரவேண்டும். கப்பலேற வழியில்லாத எஃபி, ஆற்றுக்கு அக்கரையில் ஹோபோக்கனில் சித்தி வீட்டு மாடியில் பதினோரு மாதம் ஒளிந்திருந்து சாதகம் செய்தாள். பிறகு கறுப்பு விக்கோடு 'மிலானிலிருந்து' வந்திறங்கினாள். பெயர் ஃபியாமெல்லா.

முந்தைய வருடம் அவளைச் 'சோளக்காட்டுக் குரல்' என்ற அதே விமர்சகர், 'இத்தாலிய வெயில் மட்டுமே கனிய வைக்கக்கூடிய குரல்' என்று எழுதினார். ஹோபோக்கனில் அந்த வருடம் ஒரே மழை.

ஏற்பாட்டாளர் கிரிம்ஷா பெரிய அரங்கில் மூன்று வருட ஒப்பந்தம் பேசி முடித்தார். சனிக்கிழமை கையெழுத்து.

"அதுவரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை இங்கிலீஷ் வந்தாலும் எல்லாம் போச்சு. புரியுதாம்மா?"

புரியாமலா? பதினைந்து வயதிலிருந்து அவள் ஏங்கிய மேடை அது! ஆனால் புதன்கிழமைக் கச்சேரி எந்த ஊரில் தெரியுமா? அவள் பிறந்த வில்லோபியில்.

பாடினாள் பாருங்கள்! கடைசிச் சுரத்தில் கூட்டம் மூச்சுவிட மறந்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கச்சேரி முடிந்ததும் தேவாலயப் பாடகர் குழுத் தலைவி திருமதி டுவாம்ப்ளி தான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தோடு உள்ளே வந்தார். சிறுவயதில் எஃபியை ஆறு வருடம் பின்வரிசையிலேயே நிறுத்தியவர்.

"ஏங்க மிஸ்டர் கிரிம்ஷா, இந்தம்மாகிட்ட சொல்லுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மேல போறப்ப சுருதி ஒரு நூல் இறங்குது."

கிரிம்ஷாவுக்கு இத்தாலி மொழி தெரியாது, ஏதோ முணுமுணுத்தார். எஃபிக்குத் தெரிந்ததோ பாட்டில் வரும் வரிகள் மட்டும். "கொடிய தந்தையே, விஷம் எங்கே?" என்று இத்தாலியில் சொல்லி இனிமையாகச் சிரித்தாள்.

"நன்றி சொல்றாங்க" என்றார் கிரிம்ஷா.

"என்ன பணிவு! இந்த ஊர்ல எஃபின்னு ஒரு பொண்ணு இருந்தா. எங்கயோ தட்டு கழுவிட்டிருப்பா, பாவம். ஆனா சுருதின்னா அவதான். இந்தம்மாவுக்கு அது வராது."

தட்டு கழுவுவதை எஃபி பொறுத்துக்கொண்டாள். சுருதியை எப்படிப் பொறுப்பாள்?

"எனக்கா இறங்குச்சு? இறங்கினது உங்க பியானோ, டீச்சர்! அப்படி சுருதி சுத்தம்னா என்னை ஏன் பின்வரிசையில போட்டீங்க?"

டுவாம்ப்ளி விக்கையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி, எஃபியா! முன்னாடி நிறுத்தினா மத்தவங்க பாடறது கேக்காதேடி."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எத்தனை வருடம் காத்திருந்தாளோ! கண் கலங்கிவிட்டது.

வாசலில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் பென்சிலோடு நின்றிருந்தார். கிரிம்ஷா பாய்ந்தார்: "எழுதுங்க சார்! இத்தாலியப் பாடகி ஒரே சாயங்காலத்துல இங்கிலீஷ் கத்துக்கிட்ட அதிசயம்!" பத்திரிகைக்காரர் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். எஃபி தலையை ஆட்டியிருந்தால் போதும், சனிக்கிழமை கையெழுத்து.

எஃபி விக்கைக் கழற்றினாள். "எஃபி டக்கெட்னு எழுதுங்க. இதே ஊருதான்."

ஒப்பந்தம் போயிற்று. சனிக்கிழமை அதே மண்டபத்தில், சொந்தப் பெயரில், புதன்கிழமைப் பாட்டுகளையே பாடினாள். பாதி நாற்காலி காலி.

"பரவால்ல, நம்ம பொண்ணு," என்றார்கள் வந்தவர்கள். "ஆனா புதன்கிழமை வந்த இத்தாலிக்காரி மாதிரி வருமா?"