தொட்டிக்கும் பசிக்கும்

ஜெரால்டு அண்ணாச்சி, பவுலு, டீ ஆறுமுன்னே கேளுங்கள். இது மாதா சத்தியமாக நடந்த கதை. ஆனால் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கிறேன். தூத்துக்குடிக்காரன் வேறெதைப் போடுவான்?

நம் பிலோமினாவுக்கு வேலை, மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தொட்டிக்குத் தீனி போடுவது. மீன் குடலும் செதிலும் கொட்டினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதைத் தின்று அடுப்பெரிக்க வாயு விடும். கடல் சூடாகிறது, கண்டதையும் எரிக்காதீர்கள் என்று சொல்லி யாரோ தொண்டு நிறுவனத்தார் வைத்தது. அந்தோணியார் திருநாளில் ஊருக்கே போடும் அசனச் சோற்றை அந்த வாயுவில் ஆக்கிக் காட்டினால் தெரு முழுக்க வாயுக் குழாய் வரும். இல்லையென்றால் தொட்டியும் போகும், அவள் வேலையும் போகும்.

திருநாள் வருவது மீன்பிடித் தடைக்காலத்தில் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. விசைப்படகெல்லாம் கரையில், தொட்டி பட்டினி. பிலோமினா அதன்மேல் காதை வைத்துக் கேட்டாள். ஒரு குமிழிச் சத்தமில்லை.

வாளியோடு வீடு வீடாகப் போனாள். "காய்த்தோலு, எலும்பு, எதுன்னாலும் தா மயினி."

ஜெரால்டு அண்ணாச்சி சம்சாரம் டெல்பின் கதவைப் பாதி சாத்தினாள். "எங்களுக்கே கஞ்சித்தண்ணிதான் ஏளா. கழிவுக்கு எங்கன போவ?" உள்ளே கொதித்த ஆட்டுக்கறி வாசத்துக்குக் கொழும்பில் நாய் குரைத்தது. எலும்பு வெளியே வந்தால், தடைக்காலக் கஷ்டம் என்று கோயிலில் வாங்கிய அரிசிக்கு என்ன பதில் சொல்வது?

பவுலின் மனைவி சுஜிதா வீட்டில் அடுப்பே எரியவில்லை. அவளோ சிரித்துக்கொண்டு, "அய்யோ, இப்பத்தானே மயினி எல்லாத்தயும் கொட்டுனேன்!" என்றாள்.

பிலோமினா தன் சோற்றைத் தொட்டியில் கொட்டத் தொடங்கினாள். அவள் புருஷன், "ஏளா, நீ எனக்கு வாக்கப்பட்டியா, தொட்டிக்கா?" என்று கத்தினான். அவள் இளைத்த இளைப்பில், காற்றடித்தால் தெற்கே மணப்பாட்டுக் கரையில் போய் இறங்குவாள்.

அசனத்தன்று அண்டாவின் கீழே நீலமாகத் தீ வந்தது. பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். உலை கொதிக்குமுன் அணைந்துபோனது. விறகு லாரி வந்தது.

"ஒரு தொட்டிக்குத் தீனி போடத் தெரியல இவளுக்கு," என்று முதலில் சொன்னவள் டெல்பின்தான். தொட்டியும் போனது, பிலோமினா வேலையும் போனது. இப்போது இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிறாள், ஐஸில் விரல் மரத்துப்போய்.

"ஏலே, நிறுத்து!" ஜெரால்டு எழுந்தார். "எங்க வீட்டுச் சட்டிய நீ மோந்து பாத்தியோ?"

"தெருவே மோந்துச்சு அண்ணாச்சி," என்றான் பவுல்.

"ஒம் பொண்டாட்டி கொட்டுனேன்னாளே, என்னத்தல கொட்டுனா? கொட்டுததுக்கு என்னல இருந்துச்சு ஒன் வீட்ல?"

பவுல் பெஞ்சை எட்டி உதைத்தான். டீக்கிளாஸ் பறந்தது.