இரண்டு பென்டிரைவ்

யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை நான். மூணாறு பக்கம் மறையூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடுத்த படங்களை யார் யாரோ தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து வந்த குணம் அது. படத்தின் மேல் கடைப் பெயரைப் போட்டால் அந்த ஓரத்தையே வெட்டிவிடுகிறார்கள். அதனால், கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணைப் படத்துக்குள்ளேயே ஒளித்துவைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினேன். வாடிக்கையாளருக்குப் போகும் பிரதியில் எண் ஒன்று. ஆல்பம் அச்சடிக்கக் கோயம்புத்தூருக்குப் போகும் பிரதியில் எண் இரண்டு. படம் வெளியே கசிந்தால் யாரிடமிருந்து போனது என்று எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நாள் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். சர்ச்சில் அவர் மகளின் புதுநன்மைச் சடங்குக்கு நான் எடுத்த படம், வெள்ளை கவுனும் மெழுகுவர்த்தியுமாக, மூணாறில் ஒரு துணிக்கடை விளம்பரத்தில் இருக்கிறதாம்.

“எம் புள்ள படத்த வித்துட்டீகளாண்ணே?”

எனக்குச் சுரீரென்றது. யார் கொடுத்தது என்று துணிக்கடைக்காரருக்கே தெரியவில்லை. அவரிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, அக்காவின் கண்முன்னாலேயே சோதித்தேன். எண் ஒன்று.

“ஒங்களுக்குப் பென்டிரைவ்ல குடுத்த படந்தாங்க்கா இது. வேற யாருக்குக் குடுத்தீக?”

“எந் தங்கச்சிக்கு மட்டுந்தாண்ணே...”

அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை.

இங்கிருந்து ஆல்பம் வேலை எல்லாம் உடுமலைப்பேட்டை பஸ்ஸில்தான் போகும். பென்டிரைவைக் கவரில் போட்டு கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால், அங்கே ஆள் வந்து வாங்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோவார். கிறிஸ்மஸ் கழிந்து ஒரு கல்யாண ஆல்பம் அனுப்ப, அச்சகத்திலிருந்து திரும்பி வந்திருந்த பழைய பென்டிரைவை எடுத்தேன். அந்தப் பிள்ளையின் படங்கள் அதில் அழியாமல் இருந்தன. சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? சோதித்தேன்.

எண் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில், எல்லாவற்றிலும் ஒன்று.

அந்தப் படங்களை அனுப்பிய அன்று பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, அவசரத்தில் அக்காவுக்கான பிரதியையே இதிலும் போட்டு அனுப்பியிருக்கிறேன். படம் கோயம்புத்தூரிலிருந்து போயிருக்கலாம், வழியில் போயிருக்கலாம். இனி எந்த எண்ணும் அதைச் சொல்லாது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போய் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

“கிறிஸ்மஸுக்குக்கூட எந் தங்கச்சி வரலண்ணே. மிஷினே சொல்லிருச்சேன்னு அவளத் திருடின்னுட்டேன். நாங் கூப்புட்டா எடுக்க மாட்டா. நீங்களே சொல்லுங்க.”

என் போனிலிருந்து கூப்பிட்டேன். “மறையூர் ஸ்டுடியோக்காரன் பேசுறேம்மா” என்றேன்.



“இப்ப யாரக் கைகாட்டப் போறீக?” என்றாள் தங்கச்சி.