கூட்டி இரண்டால் பிரித்த புத்தி

புத்தியை அளக்கிற உத்தியோகத்தில் ஒரு பெரிய தொல்லை உண்டு: அளக்கும்வரை ஒருவரும் நம்மை நம்புவதில்லை, அளந்த பிறகு ஒருவரும் அந்தப் புள்ளியை மறப்பதில்லை.

நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு, ஸ்கூட்டியின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி வன்னி முழுக்கத் திரிகிறவள். பெட்டிக்குள் கட்டைகள், படங்கள், நேரம் பார்க்க ஒரு கடிகாரம். பாடசாலையிலிருந்து "இந்தப் பிள்ளையை ஒருக்கால் பாருங்கோ" என்று அழைப்பு வந்தால் போய், பிள்ளையோடு இருந்து கேள்வி கேட்டு, நுண்ணறிவு இவ்வளவு என்று புள்ளி போட்டுக் கொடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எடுத்த புள்ளியைக் கல்யாணப் பேச்சுவரை சுமந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துபோன குற்றத்துக்காக, தலை நரைத்த பிறகும் சித்தப்பாவிடம் பேச்சு வாங்குகிறவர்களும் இருப்பீர்கள். நாங்கள் எல்லாரும் ஒரு கூட்டம்தான். அதனால்தான் என் ஆத்திரத்தை உங்களிடம் கொட்டுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பரந்தன் மாஸ்டர்

பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு பெரிய பதாகை கண்ணில் குத்தும். புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள், அவர்களைவிடப் பெரிதாக ரியூசன் மாஸ்டரின் படம். அந்த மாஸ்டர் ஒரு நாள் தேநீர்க் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டியில் கட்டியிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறானாம், தகப்பன் பணம் கட்டத் தயாராம், பெட்டிக்குள் இருக்கிற கேள்விகள் கிடைத்தால் பிள்ளையின் புத்தியைக் கூட்டிவிடலாமாம்.

"மாஸ்டர், இதே கேள்விகளைப் பிள்ளைக்கு முன்கூட்டியே பழக்கினால் புள்ளி கூடும். புள்ளிதான் கூடும். காய்ச்சல் பார்க்கிற கருவியை வெந்நீருக்குள் வைத்து எடுத்தது மாதிரி" என்றேன். அவர் அதைக் கேட்டமாதிரித் தெரியவில்லை. என் தேநீருக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கேள்வியை மட்டும் தாங்கோ மிஸ், புத்தியை நான் கூட்டித் தாறன்."

அதிபரின் பேரன்

முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு பாடசாலை. அதன் அதிபர் கண்டிப்பான அம்மா. அவருடைய பேரனை ஐந்து வயதில் வவுனியாவில் யாரோ பரிசோதித்து, பிள்ளை கொஞ்சம் பிந்திப் போகிறான் என்று புள்ளி போட்டிருந்தார்கள். வீட்டில் இழவு விழுந்தமாதிரி ஆகிவிட்டது. ஒரு வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டார். போனேன். பையன் நல்ல சுட்டி. புள்ளி நன்றாகவே ஏறியிருந்தது.

எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஐந்து, ஆறு வயதில் போடுகிற புள்ளி நின்ற இடத்தில் நிற்காது. பிள்ளைக்கு நித்திரை காணாமல் இருந்திருக்கும், புது முகத்தைக் கண்டு பயந்திருக்கும், மூத்திரம் முட்டிக்கொண்டு இருந்திருக்கும். பத்து வயதுக்குப் பிறகுதான் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வரும், அதுவும் ஆணி அடித்த மாதிரி இல்லை. இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அதிபர் அம்மாவின் முகம் மலர்ந்தது. பால் தேத்தண்ணியும் கேக்கும் வைத்து உபசரித்தபடி சொன்னார்: "அதானே பாத்தன், ஆறு வயசுக்குள்ள ஒரு பிள்ளையின்ரை புத்தியை ஆரால நிறுக்க ஏலும்?"

இந்த வசனத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

தொடாத பிள்ளை

றெஜினா என் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கணவர் கடலுக்குப் போகிறவர், இவர் கருவாடு போடுகிறவர். கொண்டுவந்த கருவாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதையைக் கேட்டேன்.

மகள் ஜெனிற்றாவுக்குப் பதினான்கு வயது. நான் சொன்ன அதே அதிபரின் பாடசாலையில்தான் படிக்கிறாள், ஆனால் விசேட கல்வி அலகில், அதாவது கற்பதில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி வகுப்பில். அந்த அலகு நல்ல இடம், அங்கே படிப்பிக்கிற ரீச்சர் தங்கமான மனுசி. அங்கே இருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் அங்கே இருந்தபடி, தரம் பதினொன்றின் முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சை எழுத வழியில்லை. வருகிற தை மாதம் அவளுடைய வயதுப் பிள்ளைகள் எல்லாம் தரம் பத்துக்குப் போகிறார்கள். அவளையும் அங்கே விடச் சொல்லிக் கேட்கத்தான் தாய் வந்திருந்தார்.

அவளை அந்த அலகுக்கு அனுப்பியது ஆறு வயதில் போட்ட ஒரு புள்ளி. போட்டவர் எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர், இப்போது வெளிநாட்டில். அன்றைக்கு யன்னலோரம் நின்று பார்த்ததை றெஜினா சொன்னார். பாயில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கொட்டி, படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னார்களாம். பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றுவிட்டதாம். கட்டைகளைக் கிட்டத் தள்ள, கத்தி அழுததாம். பிறகு, வழியில் ஒரு பார்சல் கிடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். "தொடமாட்டன், ஓடிப்போய் அம்மாட்டைச் சொல்லுவன்" என்றாளாம். எடுத்து உரியவரிடம் கொடுப்பேன் என்பதுதான் புத்தகத்தில் உள்ள சரியான விடை. அதற்கும் புள்ளி இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் மிதிவெடி அகற்றுகிறவர்கள் பாடசாலைக்கு வந்து நாடகம் போட்டிருந்தார்கள். கடலோரக் களப்புக்குப் போகிற பாதை நெடுக அப்போது வெடி இருக்கிற எல்லையைக் காட்டும் சிவப்பு வெள்ளைக் கட்டைகள்தான் நடப்பட்டிருந்தன. சிவப்பு வெள்ளையைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களுக்குச் சொல் என்று பாடமாக்கி, பிழையில்லாமல் ஒப்புவித்த பிள்ளைக்கு ஒரு பந்து பரிசு கொடுத்தார்கள். அந்தப் பந்தை வாங்கியவள் ஜெனிற்றா! ஒரு வாரம் பரிசு, அடுத்த வாரம் அதே பாடத்துக்கு மந்தம் என்ற பட்டம். கேட்கக் கேட்க எனக்குக் காது சூடாகிவிட்டது. றெஜினா அழவில்லை. சேலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மிஸ், அண்டைக்கு என்ரை பிள்ளை அதுகளைத் தொட்டிருந்தா, நான்தான் அவளுக்கு அடிச்சிருப்பன்."

பணிப்பாளரின் புள்ளி

இந்த இடத்தில் எங்கள் கல்விப் பணிப்பாளரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும், ஏனென்றால் பிள்ளையை அலகிலிருந்து எடுப்பதென்றால் அவருடைய அனுமதி வேண்டும். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. சனிக்கிழமைகளில் நான் உதவிக்குப் போகிற ஒரு ஞாபகமறதிச் சிகிச்சை நிலையத்துக்கு, ஒருவருக்கும் சொல்லாமல் தானே வந்து சேர்ந்தார். ஆட்களின் பெயர் மறந்துபோகிறதாம்.

பரிசோதித்துப் பார்த்தேன். வயதுக்கு ஏற்றபடி எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. வேகமாகச் செய்ய வேண்டியவற்றில் தடுமாறினார். சொற்களுக்குப் பொருள் சொல்வதில் என்னையே திருத்தினார். "சேர், வயது போகப் போக வேகம் குறையும், சேர்த்து வைத்த சொல்லும் அறிவும் லேசில் போகாது. நீங்கள் பயப்படத் தேவையில்லை" என்றேன். நல்ல செய்தி சொன்னதாக நான் நினைத்துக்கொண்டேன். அவருக்கோ வேகம் குறைந்த செய்தி மட்டும்தான் காதில் ஏறியது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்: "நான் அஞ்சாம் வகுப்பில ஸ்கொலஷிப் பாஸ் பண்ணினவன், பிள்ளை. அந்த மாக்ஸ்தான் நான், உதெல்லாம் வெறும் களைப்பு."

வேறு கதை

ஜெனிற்றாவை நான் பரிசோதித்த அன்று வெயில் கொளுத்தியது. அதே சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் கொட்டினேன். அவள் மடமடவென்று அடுக்கிவிட்டு, "இதைவிடக் கஷ்டமானது இல்லையோ மிஸ்?" என்றாள். சொற்களிலும் கணக்கிலும் பின்தங்கினாள். பின்தங்காமல் என்ன செய்வாள்? எட்டு வருடம் பாடத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்துவிட்டுப் பாடம் தெரியுமா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? படிப்பு கிடைத்தால் இந்தப் புள்ளி ஏறும், படிப்பை நிறுத்தினால் இறங்கும். அப்படி இருந்தும் மொத்தப் புள்ளி சாதாரண பிள்ளைகளின் அளவுக்குள் வடிவாக வந்து நின்றது.

துள்ளாத குறையாக அதிபரின் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூளை என்பது பிறக்கும்போது வருவதாம், ஆறு வயதில் இருந்ததுதான் பதினான்கிலும் இருக்குமாம். சுற்றி வளைத்துக் கேட்டபோது உண்மை வெளியே வந்தது: இவள் பரீட்சை எழுதிச் சித்தியடையாவிட்டால் பாடசாலையின் சித்தி வீதம் விழுந்துவிடும். எனக்குப் பொறுக்கவில்லை. "மடம், உங்கடை பேரனுக்கு நீங்கள் சொன்னது என்ன?" என்று கேட்டேவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவன் எங்கடை வீட்டுப் பிள்ளை, மிஸ். அவன்ரை கதை வேறை."

கூட்டல், வகுத்தல்

விஷயம் பணிப்பாளரின் மேசைக்குப் போனது. ஒரு பக்கம் அதிபர், மறுபக்கம் நான், கதவோரக் கதிரையில் றெஜினா. மிதிவெடி நாடகத்திலிருந்து கட்டைகள்வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தட்டினார். இரண்டு புள்ளியும் அரசாங்க உத்தியோகத்தர்கள் போட்டதாம், ஒன்றைத் தள்ளி மற்றதை எடுத்தால் ஒருவரை அவமதித்ததாகுமாம். ஆகவே இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்துவிட்டார்! வந்த விடை எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. பிள்ளை அலகிலேயே இருக்கட்டும் என்றார்.

இத்தனை வருட உத்தியோகத்தில் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "சேர், ஆறு வயசில இருந்த உயரத்தையும் இப்ப இருக்கிற உயரத்தையும் கூட்டிப் பிரிச்சோ இந்தப் பிள்ளைக்கு யூனிபோம் தைக்கிறது?" அப்போது றெஜினா எழும்பி நின்றார். "சேர், அவள் பெயில் விட்டா விடட்டும். எழுதிப்போட்டுப் பெயில் விடட்டும்."

பணிப்பாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். "சரி, தரம் பத்தில இருக்கட்டும். ஆனா மிஸ், தவணைக்கு ஒருக்கா புத்தியை அளந்து அனுப்புங்கோ. குறைஞ்சா திருப்பி அலகுக்கே எடுத்துப்போடுவம்."

முதலாம் தவணை

ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிள்ளைக்கு அது பழகிவிடும், வருகிற புள்ளிக்குப் பெறுமதி இராது என்று எழுதிப் பார்த்தேன், நேரில் சொல்லியும் பார்த்தேன். கட்டளை கட்டளைதான். முதலாம் தவணை முடிவில் மறுபடியும் அதே பெட்டியோடு ஜெனிற்றாவின் முன்னால் போய் இருந்தேன். தவணைப் பரீட்சையில் தமிழிலும் சமயத்திலும் சித்தி, கணக்கில் தோல்வி. வகுப்பில் அரைவாசிப் பேர் கணக்கில் தோல்விதான். அவர்களுடைய தலையை அளக்கச் சொல்லி ஒருவரும் என்னை அனுப்பவில்லை. பரீட்சையில் தவறுகிற உரிமைகூட அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, இவளுக்கு இல்லை. இதைவிட ஒரு அநியாயத்தை நான் இந்தத் தொழிலில் காணவில்லை.

கட்டைகளை நான் கொட்டி முடிப்பதற்குள் அவள் அடுக்கத் தொடங்கிவிட்டாள். அடுக்கி முடித்து, என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறவள் மாதிரிக் கேட்டாள்: "மிஸ், மற்றப் பிள்ளையள் கணக்கில பெயில் விட்டா ரீச்சர் ஏசிப்போட்டு விடுறா. நான் இதில எவ்வளவு எடுத்தா என்னையும் சும்மா ஏசிப்போட்டு விடுவினம்?"

வயது போகப் போகப் புத்தி மாறுமா மாறாதா என்று கேட்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளைகளுடையது மாறும், எங்கள் அலுவலகங்களுடையதுதான் ஓய்வூதியம் எடுக்கும்வரை அசையாமல் அப்படியே நிற்கும்.